டப்பாவோடு நின்றுபோன சட்டம்

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016 நவம்பரில் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. பத்து லட்சம் பங்கில் தொண்ணூறு பங்கு. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2009 முதல் இருக்கிற அளவும் இதேதான். நல்ல விதி, வரவேற்போம். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. அதற்கு முன்பு ஐம்பது அறுபது ஆண்டுகளாக அடித்துத் தள்ளிய பெயிண்டெல்லாம் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. கதவில் இருக்கிறது, ஜன்னல் கம்பியில் இருக்கிறது, மாடிப்படிக் கைப்பிடியில் இருக்கிறது, அரசுப் பள்ளிக்கூடச் சுவரில் இடுப்புயரத்துக்கு அடித்த எனாமலில் இருக்கிறது. வீட்டைப் புதுப்பிக்கும்போது அதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். சுரண்டுகிறவன் யார், எப்படிச் சுரண்டுகிறான், அந்தத் தூசி எங்கே போகிறது என்பதைப் பற்றி அந்த விதியில் ஒரு வரி கிடையாது. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, ஏற்றுமதி என்று டப்பாவைச் சுற்றியே வந்து டப்பாவோடு நின்றுவிட்டது. அதிலும் வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டும்தான். தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஈயம் என்றதும் நம் வீட்டுப் பெண்கள் ‘ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம், அதில் என்ன விஷம்?’ என்று கேட்பார்கள். சொம்பு வெள்ளீயம். பெயிண்டில் இருப்பது காரீயம். நிறம் எடுப்பாக இருக்கவும், சீக்கிரம் காயவும், துரு பிடிக்காமல் இருக்கவும் அதன் கலவைகளைச் சேர்த்தார்கள். மஞ்சளும் ஆரஞ்சும் பளிச்சென்று இருந்ததன் பின்னால் பெரும்பாலும் அதுதான். சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் பெரிய பயம் இல்லை. பயமெல்லாம் எனாமலில். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேதம் ஓதுவதை வேண்டுமென்றே கேட்கிற சூத்திரனின் காதில் உருக்கி ஊற்றச் சொல்லி கௌதம தர்மசூத்திரம் விதித்ததும் வெள்ளீயமும் அரக்கும்தான். அந்தத் தண்டனைக்கு ஒரு ஆள் வந்து ஊற்ற வேண்டியிருந்தது. இன்றைக்குக் கூலி கொடுத்தால் போதும், அவனே சுவாசித்துக்கொள்கிறான்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொங்கலோ கல்யாணமோ வருகிறது. வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார். சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் ரேட் பேசி, மேஸ்திரி மூன்று நான்கு பேரோடு வருகிறார். புது பெயிண்ட் அடிப்பது கௌரவமான வேலை. அது கை பழகிய பெயிண்டருக்கு. பழைய பெயிண்டைத் தகடால் சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பட்டி காய்ந்ததும் மறுபடி தேய்ப்பது எல்லாம் கூட வந்த பையனுக்கு. அடம்பிடிக்கிற கதவாக இருந்தால் புளோ லாம்ப்பைப் பற்றவைத்துப் பெயிண்டைக் கொதிக்கக் கொதிக்க உரிப்பார்கள். அந்தப் புகையும் அவன் மூக்குக்கே. முகத்தில் ஒரு கைக்குட்டை. கைக்குட்டை தும்மலைத் தடுக்கலாம், ஈயத் தூசியைத் தடுக்காது. மதியம் அதே கையோடு வாசல் மணல் குவியலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பான். சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவான். அந்தச் சட்டையை மனைவி துவைப்பாள்.

பெயிண்டர்கள் எல்லாரும் தலித்துகள் அல்ல, அப்படி நான் சொல்லவும் இல்லை. பல சாதிக்காரர்களும் இருக்கிற தொழில். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரையில் ஏணியின் உச்சியில் நிற்பவர் யார், கீழே குனிந்து சுரண்டுகிறவன் யார் என்பதைக் கவனித்தால் ஊரும் சேரியும் சாரத்திலும் அப்படியே தெரியும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்ளே போனது எலும்பில் போய்த் தங்கிப் பத்துக் கணக்கான ஆண்டுகள் கிடக்கும். ரத்தச்சோகை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி, மலச்சிக்கல், மணிக்கட்டு தொங்கிப்போவது, மறதி, எரிச்சல். ஐரோப்பாவில் இந்த வயிற்றுவலிக்கு ‘பெயிண்டர் வயிற்றுவலி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நம்மிடம் இதற்கு வேறு பெயர் இருக்கிறது: குடி. நாற்பத்தைந்து வயதில் கை நடுங்குகிற பெயிண்டர் டாக்டரிடம் போனால் முதல் கேள்வி ‘குடிப்பியா?’ என்பதுதான். ஆமாம் என்பார். முடிந்தது விசாரணை. அல்சர் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். ரத்தத்தில் ஈயம் பார்ப்பது வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் கிடையாது. பார்த்தால்தானே கணக்கில் வரும்? மலக்குழியில் இறங்கிச் சாகிறவரின் உடலையாவது வெளியே எடுத்துத் தெருவில் வைத்துப் போராட முடிகிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உயிர்களுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று தீர்ப்பாவது சொன்னது. பெயிண்டரின் சாவு இருபது வருடம் எடுத்துக்கொள்கிறது. அதனால் அது யாருடைய குற்றமும் ஆவதில்லை, ‘குடிச்சே செத்தான்’ என்று அவன் குற்றமாகிவிடுகிறது.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். வயிற்றுக்குள் போகிற ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடிக் குழந்தைகள். கவனம் சிதறும், கற்றல் பின்தங்கும், கோபம் அதிகமாகும் என்பதெல்லாம் மருத்துவம் சொல்லிப் பல காலமாயிற்று. இதை எடுத்துக்கொண்டு ‘உங்க பிள்ளைகளுக்கு மெரிட் இல்லாததுக்கு இதுதான் காரணமா?’ என்று ஒரு கூட்டம் கிளம்பும், எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரே பதில்தான். உங்கள் வீட்டுக் கதவைப் பளபளப்பாக்க ஒருவனை அனுப்பி, அந்தத் தூசியை அவன் குழந்தையின் தொட்டில் வரை போகவிட்டுவிட்டு, அப்புறம் அந்தக் குழந்தையையும் உங்கள் குழந்தையையும் ஒரே தேர்வு எழுதவைத்து மெரிட் பற்றிப் பேசாதீர்கள்.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? 1978இல் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள். அதோடு பிரச்சினை தீரவில்லை என்று புரிய முப்பது வருடம் பிடித்தது. 2008இல் அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு விதி போட்டு 2010 ஏப்ரல் 22 முதல் நடைமுறைப்படுத்தியது. 1978க்கு முன் கட்டிய வீட்டிலோ குழந்தைகள் புழங்கும் கட்டடத்திலோ காசு வாங்கிக்கொண்டு பெயிண்டைக் கிளறுகிற எந்த கான்ட்ராக்டரும் சான்றிதழ் வாங்க வேண்டும். எட்டு மணி நேரப் பயிற்சி பெற்ற ஒருவர் வேலைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். தீயை வைத்துப் பெயிண்டை எரிக்கக் கூடாது. தூசி உறிஞ்சும் வடிகட்டி இல்லாத மெஷின் போட்டுத் தேய்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் துடைத்துச் சரிபார்க்க வேண்டும்.

கான்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? செலவு ஏறும், வாடிக்கையாளர் ஓடிவிடுவார், சான்றிதழ் இல்லாதவன் குறைந்த ரேட்டில் வேலையைத் தட்டிக்கொண்டு போவான் என்றார்கள். முதலில் அந்த விதியில் ஒரு ஓட்டையும் இருந்தது. தன் வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இல்லை என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். சுரண்டுகிறவனுக்குக் குழந்தை இருக்கிறதா என்று அந்தப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை. 2010இலேயே அந்த ஓட்டையை அடைத்தபோது வீடு கட்டுவோர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. 2012இல் தோற்றது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த விதி வீட்டில் குடியிருக்கிற குழந்தையை மனதில் வைத்து எழுதப்பட்டது. வேலை செய்கிறவருக்கு 1993இல் வந்த தனி விதி இருக்கிறது. கை கழுவ வசதி, சாப்பிடத் தனி இடம், ரத்தப் பரிசோதனை, சுவாசக் கவசம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் சொந்தமாகத் தொழில் செய்கிற பெயிண்டருக்கு அது பொருந்தாது. ஈயம் அங்கேயும் ஆள் பார்த்துத்தான் போகிறது. பால்டிமோரில் 2015இல் போலீஸ் காவலில் முதுகுத்தண்டு சேதமடைந்து இறந்த ஃபிரெடி கிரே என்ற 25 வயது கறுப்பின இளைஞரை நினைவிருக்கலாம். அவரும் உடன்பிறந்தவர்களும் சிறுவயதில் வாடகை வீட்டின் ஈயப் பெயிண்டால் பாதிக்கப்பட்டதாக 2008இலேயே வீட்டு உரிமையாளர் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள்.

ஆனாலும் அங்கிருந்து கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஹோம் டிப்போ என்ற பெரிய கடை 2 கோடியே 7.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டது. குற்றம் என்ன? வீடு புதுப்பிக்கும் வேலையைச் சான்றிதழ் இல்லாத கான்ட்ராக்டர்களிடம் கைமாற்றிவிட்டது. தகடு பிடித்தவனை விட்டுவிட்டு, வேலையை வாங்கி வெளியே தள்ளிவிட்டவன் கழுத்தில் சட்டம் கை வைத்தது.

நம் ஊரில் இப்படி ஒரு விதி வர வேண்டும் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு குரல் வரும்: ‘பாவம், சின்ன கான்ட்ராக்டர் செத்துடுவான்.’ திடீரென்று சின்ன கான்ட்ராக்டர் மேல் இவ்வளவு பாசம். ஜிஎஸ்டி வந்தபோது இந்தப் பாசம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இருக்கட்டும், கேள்வியில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதை நாம்தான் நேர்மையாக எடுத்துப் பேச வேண்டும். ஏனென்றால் இங்கே சின்ன கான்ட்ராக்டர் என்பவர் முக்கால்வாசி நேரம் நம் ஆள். நேற்றுவரை தகடு பிடித்துச் சுரண்டியவர், இன்றைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு லேபர் கான்ட்ராக்ட் எடுக்கிறார். அமெரிக்க விதியை அப்படியே பெயர்த்து எடுத்து வந்தால் என்ன ஆகும்? ஆன்லைன் பதிவு, இங்கிலீஷில் தேர்வு, ஆயிரக்கணக்கில் கட்டணம். சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்? சீருடை போட்ட ஆட்களை அனுப்புகிற ஆப் கம்பெனிகளுக்கு. அவர்கள் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு, சுரண்டுகிற வேலையை அதே பையனிடம் இன்னும் குறைந்த கூலிக்குத் தள்ளிவிடுவார்கள். மேஸ்திரி மறுபடி கூலியாள் ஆவார். பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் நம்மைத் தொழிலிலிருந்து வெளியேற்றுவதற்கு நாம் கைதட்ட முடியாது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு மேஸ்திரி என்னிடம் சொன்னார்: ‘தண்ணி தெளிச்சு வாட்டர் பேப்பர் போட்டா தூசி பறக்காது, அது எங்களுக்குத் தெரியாதாண்ணே? கதவு ஊறிடும். காய ஒரு நாள் விடணும். அந்த ஒரு நாள் கூலிய யாரு குடுப்பா?’ இதுதான் விஷயமே. தண்ணீருக்குக் காசில்லை, காத்திருப்பதற்குக் காசு. ஈரமாகத் தேய்க்கிறவர் ரேட் அதிகம் சொன்னால், காயத் தேய்க்கிறவர் அடுத்த நாளே வேலையை வாங்கிவிடுவார். ஆகவே தனியொரு மேஸ்திரியின் நல்ல மனசால் இது நடக்காது. எல்லாருக்கும் ஒரே விதி வந்தால்தான் நியாயமாக வேலை செய்ய நினைக்கிறவர் பிழைக்க முடியும். அந்த ஒரு நாள் கூலியை வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும் என்று எழுத்தில் வர வேண்டும்.

கை கழுவுவதைப் பற்றி அமெரிக்க விதி பேசுகிறது என்றேன். 1921லேயே ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈயப் பெயிண்ட் பற்றி ஓர் உடன்படிக்கை போட்டது. காயத் தேய்ப்பதால் வரும் தூசியைத் தடுக்க வழி செய்ய வேண்டும், வேலை நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் பெயிண்டர்கள் கைகால் கழுவ வசதி கொடுக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. இந்தியா அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. நூறு வருடம் கழிந்தும் நம் வீடுகளில் நடப்பதைச் சொல்லுங்கள். பெயிண்டர் எங்கே கை கழுவுகிறார்? வீட்டுக்குள் இருக்கிற வாஷ்பேசினிலா? அந்த வாஷ்பேசின் இருக்கிற சுவருக்கு அவர்தான் பட்டி பார்த்தார். ஆனால் கழுவுவதற்கு வெளியே தோட்டத்துக் குழாய். அதுவும் இல்லையென்றால் பெயிண்ட் கலக்கிய பக்கெட்டில் மிச்சமிருக்கும் தண்ணீர். சோப்பு? யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. கக்கூஸ் கேட்டால் தெருமுனையைக் காட்டுவார்கள். குடிக்கத் தண்ணீர் பழைய பெப்ஸி பாட்டிலில் வரும், டம்ளரில் வராது. இதை ‘சுத்தம்’ என்பார்கள். ஈயத்திலிருந்து தப்பிக்க ஆகக் குறைந்த செலவில் இருக்கிற வழி சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. அந்த வழியை மூடிவைத்திருப்பது பணமில்லாத கொடுமை அல்ல, தீட்டு. கழுவ இடம் கொடுக்காமல் ‘அவங்களுக்குச் சுத்தம் தெரியாது’ என்று சொல்கிற வாயும் அதே வீட்டில்தான் இருக்கிறது.

சட்டமும் அந்த வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் மராமத்து, பராமரிப்பு வேலைகளையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஆனால் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்கிற இடம்தான் அதன் எல்லையாக இருந்தது. சொந்த வீட்டுக்காக 10 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கிற தனிநபருக்கு விலக்கு இருந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்தில் இந்த 10 லட்சத்தை 50 லட்சமாக உயர்த்தினார்கள். நாலு பெயிண்டர் வேலை செய்கிற எந்த வீடு இதற்குள் வரும்? தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் ஈய நச்சு முதல் நோயாகவே இருந்தது. பாட்டரிக் கம்பெனியில் வந்தால் அது தொழில்நோய், செட்டியார் வீட்டுத் திண்ணையில் வந்தால் வெறும் வயிற்றுவலி.

தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பெயிண்டரும் அதில் பதியலாம். கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீதம் செஸ் வசூலாகிறது. நாடு முழுக்க இப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கோடி தொழிலாளிக்குப் போய்ச் சேராமல் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2018இல் கண்டித்தது. ஆகவே பணமில்லை என்ற கதை வேண்டாம். பதிவு செய்த ஒவ்வொரு பெயிண்டருக்கும் வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பார்க்கட்டும். தமிழில், அந்தந்த ஊரில், ஒரு நாள் பயிற்சி கொடுக்கட்டும். அன்றைக்குக் கூலியையும் வாரியமே கொடுக்கட்டும். அந்தப் பயிற்சிச் சீட்டுதான் மேஸ்திரியின் சான்றிதழ், அதற்குக் கட்டணம் கிடையாது என்று எழுதட்டும். காயச் சுரண்டுவதையும் தீ வைத்து உரிப்பதையும் தடை செய்ய நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. 2016 விதி எந்தச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்ததோ அதே சட்டத்தின் கீழ் இன்னொரு பக்கம் எழுதினால் போதும். அபராதம் வீட்டுக்காரருக்கும் வேலையை வெளியே தள்ளிவிடுகிற கம்பெனிக்கும். தகடு பிடித்தவருக்கு அல்ல.

பெயிண்ட் கம்பெனிகளை மறந்துவிடக் கூடாது. லட்சக்கணக்கான பெயிண்டர்கள் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களை எப்படித் தேடிப் பிடித்து முகக்கவசம் கொடுப்பது என்று கேட்பார்கள். டப்பாவுக்குள் டோக்கன் போட்டு, அதை ஸ்கேன் செய்ய ஆப் கொடுத்து, எந்த ஊரில் எந்த பெயிண்டர் மாதம் எத்தனை லிட்டர் அடிக்கிறார் என்பதுவரை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் இவர்கள். பரிசுப் புள்ளி அனுப்ப முகவரி தெரியும், கவசம் அனுப்பத் தெரியாதா? பழைய பெயிண்டை விற்று லாபம் பார்த்தவர்களும் இவர்கள்தான்.

நாம் உடனே செய்ய ஒன்று இருக்கிறது. தனியார் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அரசுக் கட்டடத்தில் தொடங்கலாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் மராமத்து, வெள்ளையடிப்பு வேலைகள் டெண்டரில் போகின்றன. சுரண்டுகிறவனும் நம் பிள்ளை, அந்த அறையில் பாய் விரித்துப் படுக்கிறவனும் நம் பிள்ளை. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள், மாவட்ட அலுவலகத்துக்கு. கடந்த ஐந்தாண்டில் எந்தெந்த விடுதிகளில் பழைய பெயிண்டைச் சுரண்டினார்கள் என்று கேளுங்கள். அந்த மதிப்பீடுகளில் தூசித் தடுப்புக்கும் கவசத்துக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். சுரண்டிய நாட்களில் பிள்ளைகளை எங்கே தங்கவைத்தார்கள் என்றும் கேளுங்கள்.